ஹெக்லாண்ட் தோற்காத வருஷம்

சீவர்ட் லூமன் என்னைவிட மூன்று வயது பெரியவன். ஹெக்லாண்ட் கல்லூரியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், ரயில் நிலையத்திலிருந்து பதினோரு மைல் தள்ளி, அவன் அப்பாவுக்கு ஒரு கோதுமைப் பண்ணை இருந்தது. நாலு வருஷம் அங்கே கலப்பை பிடித்துவிட்டு, இருபத்திரண்டாவது வயதில் படிக்க வந்தவன். போதகர் ஆக வேண்டும் என்று ஆசை. அதற்குக் கிரேக்கம் தெரிய வேண்டும். கிரேக்கம் அவனுக்கு ஏறவே இல்லை.

"டொல்லெஃப், ஏசுநாதர் மீன் பிடிக்கறவங்ககூடத்தானே பேசினாரு? அவங்களுக்குப் புரிஞ்சது எனக்கு ஏண்டா புரிய மாட்டேங்குது?" என்பான்.

நான் போதகரின் மகன். ஒல்லி. புத்தகம் என்றால் எனக்குப் பயமில்லை. ஆட்கள் என்றால்தான் பயம். அவன்தான் என்னைப் பந்தாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். முதல் வாரமே பயிற்சியாளர் க்விம்பி என்னைப் பார்த்து, "உனக்கு உடம்பு இல்ல, தலை இருக்கு. நீ எண் சொல்லு" என்று சொல்லிவிட்டார்.

பேர்தான் கால்பந்து. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே சுவர் மாதிரி நிற்கிற பதினோரு பேரைப் பிளந்துகொண்டு ஓட வேண்டும். மூன்று முயற்சியில் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து அவர்கள் கைக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் நான் ஓர் எண்ணைக் கத்துவேன். யார் பந்தை வாங்கி எந்தப் பக்கம் ஓடுவது என்பது அந்த எண்ணில் இருக்கும். முப்பத்தி நாலு என்றால் சீவர்ட், நடுவில். அந்த 1904-ஆம் வருஷம் நான் அதிகம் கத்திய எண் அதுதான்.

எங்களிடம் இருந்தது பதினாலே பேர். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்பது அந்தக் காலத்து விதி. அதனால் மூக்கு உடைந்தாலும் துணியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். தோலால் செய்த தலைக்கவசம் நாலு பேரிடம் இருந்தது. சீவர்டிடமும் ஒன்று இருந்தது, போட மாட்டான். "அதைப் போட்டா நீ கத்தறது காதுல விழல" என்பான்.

முதல் இரண்டு ஆட்டங்களையும் சுலபமாக ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டம் அக்டோபர் முதல் சனிக்கிழமை, நோர்வால் ஊரில். இரண்டாம் பாதியில் சீவர்டும் எதிர் அணிக்காரன் ஒருவனும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். பலகையைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். இருவரும் விழுந்தார்கள். சீவர்ட் முதலில் எழுந்தான். கால்சட்டையைத் தட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போய், எதிர் அணி வரிசையில் நின்றுகொண்டான்.

எங்கள் அணியின் ஓஸ்மண்டுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. "டேய் சீவர்ட், அந்தப் பக்கம் சாப்பாடு நல்லா இருக்குதா?" என்றான். எல்லாரும் சிரித்தோம். எதிர் அணிக்காரர்களும் சிரித்தார்கள். சீவர்டும் சிரித்துக்கொண்டே எங்கள் பக்கம் வந்தான். பத்து நிமிஷம் கழித்து நான் முப்பத்தி நாலு என்று கத்தினேன். அவன் மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டினான்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவன் என் தோளைத் தொட்டுக் கேட்டான்.

"நாம ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம். நீதாண்டா ஜெயிக்க வெச்சே."

முகம் மலர்ந்தது. அடுத்த நிலையம் வருவதற்குள் மறுபடி கேட்டான், "நாம ஜெயிச்சோமா?" மறுபடி சொன்னேன். மறுபடி அதே சந்தோஷம். மூன்றாவது தடவை கேட்டபோது ஓஸ்மண்ட், "இவனுக்கு ஒரு ஆட்டத்துக்கு மூணு வெற்றி" என்றான். அதற்கும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நான் பாதியில் நின்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை.

அந்த வாரத்திலிருந்து அவனுக்கு வெளிச்சம் ஆகவில்லை. ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டான். கிரேக்கப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் ஊர்கின்றன என்றான். அவன் பாடங்களை நானே எழுதிக் கொடுத்தேன்; கையெழுத்துகூட அவனுடையது போலவே. ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில், ஐந்து வயதிலிருந்து அவன் பாடிவரும் கீர்த்தனையில் மூன்றாவது அடி வந்ததும் வார்த்தை நின்றுவிட்டது. ராகம் மட்டும் தொடர்ந்தது. வாய் திறந்திருந்தது, அடிக்குரல் வந்துகொண்டிருந்தது, சொல் இல்லை. கோயிலில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் நான் க்விம்பி தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். அவர் மினியாபொலிஸ் ஆள், சட்டம் படித்துக்கொண்டே எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வருவார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"சீவர்டுக்கு உடம்பு சரியில்ல சார். தலையில அடிபட்டதுலேருந்து ஒரு மாதிரியா இருக்கான்."

"தலையில அடிபடாம எவன்டா இந்த ஆட்டத்தை ஆடியிருக்கான்?"

"பேசிட்டிருக்கும்போதே மறந்துடறான் சார்."

"பந்தைப் பிடிச்சிக்கிட்டு எந்தப் பக்கம் ஓடணும்னு மறக்கறானா?"

"இல்ல."

"அப்ப விடு." கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "அவன் உக்காந்துட்டா அந்த இடத்துல நீ ஓடுவியா? ஹெக்லாண்ட் இதுவரைக்கும் ஒரு வருஷமாவது தோக்காம இருந்திருக்கா? அவனையே கேளு. அவன் ஆட மாட்டேன்னு சொன்னா நான் கட்டாயப்படுத்தல."

அவனையே கேட்டேன். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான்.

"யார்கிட்டயும் சொல்லாதே டொல்லெஃப்" என்றான். "படிப்புல நான் தேற மாட்டேன், உனக்கே தெரியும். இங்க யாராவது என் பேரைச் சொல்றாங்கன்னா அது சனிக்கிழமைதான். இன்னும் நாலு ஆட்டம். அப்புறம் குளிர்காலம் பூரா படுத்துத் தூங்கறேன்."

நான் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டதற்காக மட்டும் சொல்லாமல் இருந்தேன் என்றால் அது பொய். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தெருவில் நடந்தால் கடைக்காரர்கள் வெளியே வந்து கை கொடுத்தார்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது.

நாலாவது ஆட்டம் ஜெயித்தோம். ஐந்தாவதும் ஆறாவதும் ஜெயித்தோம். ஒரு தடவை அவன் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. மைதானத்தில் அவன் நோர்வே மொழியில் மட்டும் பேச ஆரம்பித்தான். எங்களில் பாதிப் பேருக்கு வீட்டில் அதுதான் பேச்சு என்பதால் அதுவும் பெரிதாகப் படவில்லை. எண் மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. நான் கத்தினால் போதும், உடம்பு தானாகக் கிளம்பிவிடும்.

கடைசி ஆட்டம் நவம்பர் இருபத்தி நாலாம் தேதி, அறுவடைக்கு நன்றி சொல்லும் நன்றி நாள் விடுமுறை, வியாழக்கிழமை, எங்கள் ஊரிலேயே, வாட்டர்பரி கல்லூரியோடு. அவர்களும் அந்த வருஷம் தோற்கவில்லை. காலை ரயிலில் சீவர்டின் அக்கா ராக்னா வந்தாள். உயரமானவள், அவனைவிட இரண்டு வயது மூத்தவள். ஜனவரியில் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் சேர அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அம்மா செத்து மூன்று வருஷம் வீட்டைப் பார்த்துக்கொண்டு, அப்பாவிடம் மன்றாடி வாங்கிய அனுமதி. துணியில் சுற்றிய உருளைக்கிழங்கு ரொட்டிக் கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்குப் படியேறி வந்தாள்.

சீவர்ட் எழுந்து நின்று, "வா அம்மா" என்றான்.

அவள் சிரித்தாள். கேலி செய்கிறான் என்று நினைத்திருப்பாள். அவன் ரொட்டிக் கட்டை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "நீ வருவேன்னு அப்பா சொல்லவே இல்லையே அம்மா" என்றான். அவள் சிரிப்பு நின்றது.

என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"இவன் எவ்வளவு நாளா இப்படி இருக்கான்?"

"ரெண்டு நாளா காய்ச்சல்" என்றேன். "சளி. தூக்கம் இல்ல. ஆட்டம் முடிஞ்சு ஒரு நாள் தூங்கினா சரியாயிடும்."

"காய்ச்சலா?"

"ஆமா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். கீழே தெருவில் வாத்தியக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ எங்கள் ஜன்னலைப் பார்த்து லூமன், லூமன் என்று கத்தினார்கள். அவள் எட்டிப் பார்த்தாள்.

முந்தின நாள் விழுந்த பனியைச் சுரண்டி எடுத்து, மைதானத்தில் வைக்கோல் போட்டு, ஆட்டத்துக்கு முன்னால் வாரியிருந்தார்கள். தரை இரும்பு மாதிரி இறுகியிருந்தது. பாதி நேரம் வரை யாருக்கும் புள்ளி இல்லை. அதற்கப்புறமும் இல்லை. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வாட்டர்பரிக்காரன் ஒருவன் பந்தைத் தவறவிட, ஓஸ்மண்ட் அதன்மேல் விழுந்தான். அவர்கள் கோட்டுக்கு நாலு கஜம் இருந்தது. இரண்டு முயற்சியில் ஒரு கஜம்கூட நகரவில்லை. கடைசி முயற்சி.

ஓஸ்மண்ட் என் பக்கம் சாய்ந்து, "நான் உதைக்கறேன். கம்பத்துக்கு நடுவுல போனா போதும்" என்றான். சரியான யோசனைதான். நான் சீவர்டைத் திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றான். ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண் பார்க்கவில்லை. எங்கோ மரங்கள் பக்கம் போயிருந்தது.

ஜனங்கள் அவன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் முப்பத்தி நாலு என்று கத்தினேன்.

தலையைக் குனிந்துகொண்டு போனான். இருபது பேர் ஒரு குவியலாக விழுந்தோம். நடுவர் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டு, அடியில் பார்த்து, கையைத் தூக்கினார். பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கயிற்றைத் தாண்டி ஜனங்கள் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். சீவர்டின் கையிலிருந்து பந்தைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவனைத் தோளில் தூக்கினார்கள். மைதானத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். தொப்பிகள் பறந்தன. நானும் அவர்களோடு ஓடினேன். அவன் ஒரு கை முன்னால் போகிறவன் முதுகில் தொங்கி ஆடிக்கொண்டிருந்ததை, முதல் சுற்றில் யாரும் பார்க்கவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ராக்னா வந்தாள். "அவனை இறக்குங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போகிறவன் ஒருவனின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "இறக்குங்க. அவனுக்கு நினைவு இல்ல. இறக்குங்கடா."

அப்போதுதான் இறக்கினார்கள்.

டாக்டர் வீட்டுப் பின்கட்டு அறையில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தான். மூளைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். ராக்னா நாற்காலியிலேயே இருந்தாள். நான் தினமும் வாசல் வரை போவேன். சில நாள் உள்ளேயும் போனேன். பன்னிரண்டாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டான் என்று சொன்னார்கள். ஊரே கோயிலில் கூடி நன்றி சொன்னது. கல்லூரித் தலைவர் வீரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த வாரம் அணியைப் புகைப்படம் எடுத்தார்கள். சீவர்டின் பழைய படம் ஒன்றை வெட்டி மூலையில் ஒட்டினார்கள்.

டிசம்பரில் ராக்னா அவனை ஊருக்கு அழைத்துக்கொண்டு போனாள். நடந்தான், சாப்பிட்டான், சொன்னதைச் செய்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ரயிலடிக்குப் போனேன். அவன் என் கையைக் குலுக்கி, மரியாதையாக, "உங்களுக்குச் சிரமம்" என்றான். பயிற்சிப் பள்ளிக்குத் தன்னால் வர முடியாது என்று ராக்னா எழுதிய கடிதத்தை அங்கேயே என்னிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னாள்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அறுபது மைல் தூரத்தில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்தேன். கல்யாணம் செய்துகொண்டேன். கிறிஸ்துமஸுக்கு ராக்னாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவேன். அவளும் அனுப்புவாள், "அப்பா தவறிவிட்டார்", "விளைச்சல் பரவாயில்லை", "சீவர்ட் நலம்" என்று ஒரு வரி இருக்கும். 1917-இல் எங்கள் ஊர்ப் பையன்கள் சண்டைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அவர்களை அனுப்பிவைக்க வாத்தியக்காரர்கள் வந்தார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். மறுவாரம் ரயில் ஏறினேன்.

ஜூலை மாதம். மாட்டுக்குப் புல் வெட்டிக் காயப்போட்டிருந்தார்கள். தலை பாதி நரைத்து, ராக்னா புல் அள்ளும் கவைக்கோலோடு வண்டிமேல் நின்றிருந்தாள். கீழே சீவர்ட். உடம்பு முன்பு போலவே பலமாக இருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான்.

"யாரு இவரு, தெரியுதா சீவர்ட்?" என்றாள்.

"போதகர் அனுப்பிச்ச ஆளு" என்றான் அவன்.

சமையலறையில் காபி போட்டுக் கொடுத்தாள். அவள் உட்காரும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது காய்ச்சல் இல்ல ராக்னா. ஏழு வாரமா அப்படித்தான் இருந்தான். எனக்குத் தெரியும். உங்ககிட்ட பொய் சொன்னேன். அப்புறம் அந்தக் கடைசி எண்ணையும் நான்தான் சொன்னேன். வேற வழி இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.

"அன்னிக்கு உன்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிடறதுக்கு முன்னாலயே அவன் நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டேன்" என்றாள். "ஜில்லுனு இருந்துச்சு. காய்ச்சல்னு நீ சொன்னப்பவே பொய்னு தெரியும்."

நான் காபியைத் தள்ளி வைத்தேன்.

"கைய பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன், நான் சொன்னா கேப்பான். ஆனா தெருவுல அத்தனை பேரு அவன் பேரைச் சொன்னாங்க. எங்க வீட்டுப் பேரை ஒருத்தர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு மத்தியானம்தானேன்னு நெனச்சேன்." ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "மைதானத்துல நானும் கத்தினேன். அவன் பேரைத்தான்."

பிறகு நான், "என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அதுக்குத்தான் வந்தியா?" குரலில் கோபம் இல்லை. "எனக்கே அது கிடைக்கல, உனக்கு எங்கேருந்து குடுப்பேன்? மேக்கால கறுக்குது பாரு. மழைக்கு முன்னால இன்னும் ரெண்டு வண்டிப் புல்லு உள்ள போகணும். உன்னால கவைக்கோல் பிடிக்க முடியுமா?"

பிடித்தேன். என் உள்ளங்கை கொப்பளித்தது. சீவர்ட் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் ஒரு வாரம் போவேன். அவனுக்கு நான் போதகர் அனுப்பிய ஆள்தான். சில வருஷம் நல்லபடியாக இருப்பான். சில வருஷம் திடீரென்று கோபம் வந்து கதவைப் பெயர்த்துவிடுவான். அப்புறம் ராக்னா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை.

1926 மார்ச்சில் நெஞ்சில் சளி கட்டி, நாலே நாளில் போய்விட்டான். நாற்பத்தி நாலு வயது. அடக்கத்துக்கு அணியிலிருந்து வந்தது நானும் ஓஸ்மண்டும்தான். ஓஸ்மண்ட் அப்போது மாநிலச் சட்டசபையில் இருந்தான், பருத்திருந்தான். அடக்கம் முடிந்து பண்ணை வீட்டில் காபி கொடுத்தபோது, பக்கத்துப் பண்ணைக்காரர்களிடம் அந்தக் கடைசி நாலு கஜத்தைப் பற்றிச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது நிஜம். கூட்டத்தில் ராக்னாவைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அன்னிக்கு இருந்தீங்கல்ல? என்ன ஒரு நாள் அது" என்றான்.

"இருந்தேன்" என்றாள் ராக்னா. "பால் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

அடுத்த வசந்தத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மேற்குக் கடலோரம் டக்கோமாவில் இருந்த சித்தி மகளிடம் போய்விட்டாள். அங்கிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவதில் விலாசம் மட்டும். இரண்டாவதில், அங்கே ஓயாத மழை, முழங்கால் வலி தாங்கவில்லை, தடவ ஏதாவது அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள். நல்லதாக ஒரு தைலம் கலந்து, இரண்டு புட்டியில் அடைத்து, உடையாமல் பஞ்சு வைத்துக் கட்டினேன். கூட ஒரு கடிதம் வைக்கலாம் என்று தாளை எடுத்து உட்கார்ந்தேன். அவள் பேரை எழுதினேன். கடையில் ஆள் வந்தது. மறுநாள் புட்டிகளை மட்டும் தபாலில் போட்டேன்.